தினமும் பள்ளிக்கூடம், மாதம் ஒரு மதுரை: இந்த வீட்டுக்குப் பெட்ரோலா, டீசலா?

காரைக்குடியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கடிதத்தின் சாரம் இது:

"கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். இங்கே நான், இரண்டு பிள்ளைகள், மாமியார். லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம் ஆகிறது, வீட்டுக்கு ஒரு பழைய கார் வாங்கலாம் என்று முடிவு. பள்ளிக்கூடம் நாலு கிலோமீட்டர். மாமியாருக்குக் கண் சிகிச்சை என்பதால் மாதம் ஒருமுறை மதுரை போக வேண்டும். மதுரையில் இருக்கும் அண்ணன் 2015 மாடல் ஸ்விஃப்ட் டிசையர் டீசல் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார், 1,12,000 கிலோமீட்டர் ஓடியது, விலை 4.25 லட்சம். எங்கள் தெருவில் மாற்றலாகிப் போகும் வங்கி அதிகாரி ஒருவர் 2017 டிசையர் பெட்ரோல் வண்டியை 4.75 லட்சத்துக்குத் தருகிறார், 46,000 கிலோமீட்டர். கணவரோ இன்னும் கொஞ்சம் பணம் போட்டு 2020-க்குப் பிறகு வந்த பிஎஸ்-6 டீசல் எஸ்யூவி ஒன்றை ஏழரை லட்சத்தில் வாங்கலாம் என்கிறார். டீசல்தான் மிச்சம் என்று இரண்டு பேருமே சொல்கிறார்கள். எனக்குக் குழப்பமாக இருக்கிறது. எது வாங்கலாம்?"

வணக்கம் சகோதரி.

உங்கள் கடிதத்தில் வண்டியின் மாடல், விலை, அண்ணன் சொன்னது, வீட்டுக்காரர் சொன்னது எல்லாம் விவரமாக இருக்கிறது, ஆனால் எனக்கு விடை கிடைத்தது நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில். பள்ளிக்கூடம் நாலு கிலோமீட்டர். திருச்சியில் இருபத்துநாலு வருடமாகக் கார் மெக்கானிக் ஷெட் நடத்துகிறேன், பெட்ரோலா டீசலா என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, தினமும் எவ்வளவு தூரம், ஒரு தடவை ஸ்டார்ட் செய்தால் எத்தனை நிமிடம் ஓடும் என்பதுதான். பட்ஜெட் எல்லாம் அப்புறம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டுக்குப் பெட்ரோல் வண்டி. அந்த வங்கி அதிகாரியின் வண்டியையே வாங்கலாம், ஆனால் கீழே சொல்லும் சோதனைகளில் அது தேறினால் மட்டும். உங்கள் வீட்டுக்காரர் சொல்லும் பிஎஸ்-6 டீசல், அதாவது 2020-ல் வந்த புகை மாசு விதிப்படி செய்த வண்டி, உங்கள் ஓட்டத்துக்குக் கொஞ்சமும் ஒத்துவராது. அண்ணன் பார்த்து வைத்திருப்பது மோசமான வண்டி இல்லை, அதைப் பற்றி விரிவாகவே பேசலாம்.

முதலில் எண்ணெய்க் கணக்கு. பிள்ளைகளைக் காலையில் விட்டுவிட்டு வீடு திரும்ப எட்டு கிலோமீட்டர், சாயங்காலம் கூப்பிட்டு வர எட்டு, மாதம் 23 நாள் என்று வைத்தால் 368 வருகிறது. கடைவீதி, டியூஷன், கோயில், சொந்தக்காரர் வீடு என்று இன்னொரு 150 போடுவோம். ஊருக்குள் மட்டும் சுமார் 520. மதுரை போய்வர 180. மொத்தம் 700 கிலோமீட்டர். இதில் யாரும் கவனிக்காத விஷயம், முக்கால்வாசி ஓட்டம் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுகிற ஓட்டம். விளம்பரத்தில் போட்ட மைலேஜ் அங்கே கிடைக்காது. 2017 டிசையர் பெட்ரோலுக்குக் கம்பெனி சொன்னது லிட்டருக்கு 22, அண்ணன் பார்த்த 2015 டீசலுக்குச் சொன்னது 26.59. நிஜத்தில், ஏசி போட்டு, ஊருக்குள் ஓட்டினால் பெட்ரோல் 13 தரும், டீசல் 16 தரும். மதுரை ரோட்டில் நிதானமாகப் போனால் பெட்ரோல் 18, டீசல் 22. என் வாடிக்கையாளர்கள் வண்டியில் நான் பார்த்து வந்த அளவு இது.

பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய், டீசல் 93 என்று வைத்துக் கணக்குப் போட்டேன். பெட்ரோல் வண்டிக்கு மாதம் 50 லிட்டர், 5,050 ரூபாய். டீசல் வண்டிக்குச் சுமார் 41 லிட்டர், 3,800 ரூபாயை ஒட்டி வருகிறது. ஆக மாதம் ஆயிரத்து இருநூற்றைம்பது ரூபாய் டீசலில் மிச்சம், வருடத்துக்குப் பதினைந்தாயிரம். மிச்சமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், ஒரு குடும்பத்துக்குப் பதினைந்தாயிரம் சின்னக் காசு இல்லை. ஆனால் அந்தப் பதினைந்தாயிரம் உங்கள் கையில் நிற்குமா என்பதுதான் கேள்வி.

அண்ணன் எதனால் டீசல் என்கிறார் என்று எனக்குப் புரிகிறது. 2012 மே மாதத்தில் டெல்லியில் பெட்ரோல் 73 ரூபாயைத் தாண்டியபோது டீசல் 41 ரூபாய்க்கும் கீழே இருந்தது. லிட்டருக்கு முப்பது ரூபாய்க்கு மேல் வித்தியாசம், அதற்கு மேல் மைலேஜும் கூடுதல், அப்போது டீசல் கார் வாங்காதவரைப் பார்த்து உறவுக்காரர்கள் பரிதாபப்பட்ட காலம். டிசையர் டீசலுக்கு மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கினார்கள். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்த பிறகு அந்த இடைவெளி குறைந்துகொண்டே வந்தது, மேலே நான் போட்ட விலையில் எட்டு ரூபாய்தான். அண்ணன் வைத்திருப்பது அந்தக் காலத்துக் கணக்கு. அன்றைக்கு அது சரியான கணக்குதான், இன்றைக்கு அதில் பாதிக்கு மேல் கரைந்துவிட்டது.

சரி, டீசல் வண்டி ஐம்பதாயிரம் குறைவாகவும் கிடைக்கிறதே, எண்ணெயிலும் மிச்சமாகிறதே என்று அவர் கேட்டால் என்ன சொல்வது? நியாயமான கேள்விதான். அந்த ஐம்பதாயிரம் தள்ளுபடி இல்லை. 66,000 கிலோமீட்டர் கூடுதலாக ஓடியதற்கும் இரண்டு வருடம் கூடுதல் வயதுக்கும் உரிய விலை அது. 1,12,000 ஓடிய டீசல் வண்டி என் ஷெட்டுக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது கிளட்ச். முதல் கிளட்சே இன்னும் இருந்தால் மாற்றும் நேரம் வந்திருக்கும், செட்டும் கூலியுமாகச் சேர்த்துப் பதினைந்தாயிரத்தை ஒட்டி வரும். அடுத்து சஸ்பென்ஷன் புஷ், ஷாக் அப்சார்பர். அடுத்து நாசில். டீசலை மிகப் பெரிய அழுத்தத்தில் மயிரிழை போன்ற சின்ன ஓட்டைகள் வழியாகப் பீய்ச்சுகிற சாமான் அது. கலப்பட டீசலோ தண்ணீர் கலந்த டீசலோ நாலு தடவை போட்டிருந்தால் போதும், நாலில் ஒன்று சொட்ட ஆரம்பிக்கும். புதிது ஒன்று பத்தாயிரத்துக்கு மேல், ரீகண்டிஷன் செய்தால் அதில் பாதி. இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிற டர்போ போனால் இருபத்தைந்தாயிரத்திலிருந்து நாற்பதாயிரம். இவை எல்லாம் வாங்கிய முதல் வருடமே போகும் என்று பயமுறுத்தவில்லை, ஒன்றுமே செலவில்லாமல் இரண்டு லட்சம் ஓடிய அதே இன்ஜினையும் பார்த்திருக்கிறேன். அந்த 1,248 சிசி இன்ஜின் பியட் வடிவமைத்தது, மாருதியிலும் டாடாவிலும் பியட்டிலும் ஒரே அடிப்படை, டைமிங் செயின்தான், பெல்ட் இல்லை, சாமானும் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். 2020 ஏப்ரலோடு மாருதி டீசல் கார் விற்பதை நிறுத்திவிட்டாலும் அதற்கு வேலை தெரிந்த மெக்கானிக் இன்னும் பல வருடம் இருப்பார். இன்ஜினைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பெட்ரோல் டிசையரில் டர்போவும் அந்த மாதிரி நாசிலும் ஹை பிரஷர் பம்ப்பும் கிடையாது, இல்லாத சாமான் கெட்டுப்போகாது. உங்கள் இரண்டு வருட எண்ணெய் மிச்சத்தை ஒரு டர்போ ஒரே நாளில் வாங்கிக்கொண்டு போய்விடும்.

இன்னொன்று, 2015 டிசையர் டீசல் என்றால் அது டாக்சியாக ஓடியிருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் காலத்தில் டிராவல்ஸ்காரர்கள் அதிகம் வாங்கிய வண்டிகளில் அதுவும் ஒன்று. மஞ்சள் போர்டை எடுத்து சொந்த உபயோகத்துக்கு மாற்றி விற்பது சட்டப்படி சரியானதுதான், ஆனால் மீட்டரில் 1,12,000 என்று இருக்கும் வண்டி நிஜத்தில் இரண்டரை லட்சம் ஓடியிருந்தால் மேலே சொன்ன கணக்கு எல்லாமே மாறிவிடும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி நம்பரைச் சொல்லிக் கேட்டால் எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டரில் சர்வீசுக்கு வந்தது என்ற வரலாறு கிடைக்கும். 2018-லேயே 90,000 இருந்து, அதன் பிறகு பதிவே இல்லை என்றால், உங்களுக்கே புரியும்.

இப்போது உங்கள் வீட்டுக்காரர் சொல்லும் பிஎஸ்-6 டீசலுக்கு வருகிறேன், இதைத்தான் நான் அதிகம் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் நல்ல வண்டி, புது மாடல், பெரிய வண்டி என்று நினைத்துப் பணத்தைப் போட்டுவிட்டு அழுகிறவர்களை இப்போது மாதத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன்.

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 விதி வந்தது. அதற்குப் பிறகு வந்த டீசல் கார்களின் சைலன்சர் வழியில் டிபிஎஃப் என்று ஒரு புகைக்கரி வடிகட்டி இருக்கிறது. டீசல் எரியும்போது வரும் கரியை அது பிடித்து வைத்துக்கொள்ளும். பிடித்த கரியை அவ்வப்போது எரித்துச் சாம்பலாக்க வேண்டும், அதற்குச் சுமார் 600 டிகிரி சூடு தேவை. பைபாஸில் அரை மணி நேரம் சீரான வேகத்தில் ஓடும் வண்டிக்கு இது பிரச்சனையே இல்லை, ஓட்டுகிறவருக்குத் தெரியாமலே வேலை முடிந்துவிடும். ஆனால் பத்து நிமிடம் ஓடி நிற்கிற வண்டியில் இன்ஜினே முழுசாகச் சூடாகியிருக்காது, வடிகட்டி எங்கே 600 டிகிரியைப் பார்க்கும்? கரி சேர்ந்துகொண்டே போகும். வண்டியின் கம்ப்யூட்டர் தானாகவே கூடுதல் டீசலைப் பீய்ச்சிச் சூட்டைக் கிளப்பப் பார்க்கும், அந்த நேரம் பார்த்து நீங்கள் பள்ளிக்கூட வாசலில் வண்டியை அணைத்துவிடுவீர்கள். பாதியில் நின்றுவிடும். மறுநாள் மறுபடி ஆரம்பிக்கும், மறுபடி பாதியில் நிற்கும். எரியாத டீசல் மெல்ல இன்ஜின் ஆயிலோடு கலக்க ஆரம்பிக்கும், டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் ஆயில் அளவு குறைவதற்குப் பதிலாக ஏறியிருக்கும். ஆயில் தண்ணியாகிவிட்டால் டர்போவுக்கும் பேரிங்குக்கும் எமன்.

போன வருடம் ஒரு ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் வந்தார். பிள்ளைகள் பணம் போட்டு மூன்று வருடம் ஓடிய டீசல் எஸ்யூவி வாங்கிக் கொடுத்திருந்தார்கள். காலையில் கோயில், அப்புறம் மார்க்கெட், சாயங்காலம் பேரனை டியூஷனில் விடுவது, அவ்வளவுதான் ஓட்டம், மாதம் 250 கிலோமீட்டர்கூட இல்லை. மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிந்திருக்கிறது, என்னவென்று தெரியாமல் இரண்டு மாதம் ஓட்டியிருக்கிறார், வண்டி பிக்கப் இழந்து ஒரு நாள் நாற்பதுக்கு மேல் போக மறுத்துவிட்டது. ஸ்கேனர் போட்டுக் கட்டாயமாக எரிக்க வைத்துப் பார்த்தோம், பாதிதான் சரியானது. கடைசியில் வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்து, ஆயில் மாற்றி, சென்சார் ஒன்று போட்டு, அவர் ஒரு மாத பென்ஷனுக்கு மேல் கொடுத்துவிட்டுப் போனார். வடிகட்டியே புதிதாகப் போட வேண்டி வந்திருந்தால் சில வண்டிகளில் லட்சம் ரூபாயைத் தாண்டும். வண்டியில் கோளாறு எதுவும் இல்லை, அது தப்பான வீட்டுக்கு வந்த வண்டி, அவ்வளவுதான். அவர் என்னைக் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "விற்றவரும் சொல்லவில்லை, வாங்கிக் கொடுத்தவர்களுக்கும் தெரியவில்லை, யாராவது ஒருத்தர் சொல்லியிருக்கலாமே தம்பி?" அதனால்தான் உங்களிடம் இவ்வளவு நீளமாகச் சொல்கிறேன்.

நாங்கள்தான் மாதம் ஒருமுறை மதுரை போகிறோமே, அதில் எரிந்துவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். மாதம் ஒரு ஓட்டம் போதாது. உங்கள் மாதிரி ஊருக்குள் ஓட்டத்தில் நாலைந்து நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை, சில வண்டிகளில் அதற்கும் முன்பே, எரிக்க வேண்டிய நிலை வந்துவிடும். ஒவ்வொரு தடவையும் பிள்ளைகளை இறக்கிவிட்டுவிட்டு இருபது நிமிடம் தேவகோட்டை ரோட்டில் வேலையில்லாமல் ஓட்டிவிட்டு வர முடியுமா? அப்படி ஓட்டினால் டீசலில் மிச்சம் பிடித்தது எங்கே போகும்?

அண்ணன் பார்த்த 2015 வண்டி பிஎஸ்-6-க்கு முந்தையது, அதில் இந்த வடிகட்டி கிடையாது. அதனால் இந்தத் தொல்லை அதற்கு இல்லை. இரண்டு டீசலில் ஒன்றைத்தான் எடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் வந்தால், ஏழரை லட்சத்தை விட்டுவிட்டு அண்ணன் வண்டியை எடுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனாலும் குட்டி ஓட்டத்தில் பழைய டீசலிலும் புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்கே அனுப்புகிற இஜிஆர் வால்வில் கரி அடைக்கும், பேட்டரி சீக்கிரம் சாகும்.

டீசலே ஆகாது என்று நினைத்துவிடாதீர்கள். என்னிடம் வரும் மருந்துக் கம்பெனி பிரதிநிதி ஒருவர் திருச்சியிலிருந்து தஞ்சாவூர், பட்டுக்கோட்டை, நாகப்பட்டினம் என்று மாதம் 2,500 கிலோமீட்டர் ஓட்டுகிறார். அவர் பெட்ரோல் வாங்கப் போகிறேன் என்றபோது நானே தடுத்தேன். மாதம் 1,500-க்கு மேல் ஓட்டம், அதில் பெரும்பகுதி ரோட்டு ஓட்டம் என்றால் டீசல் இன்னமும் நல்ல கணக்குதான், ஏழு பேர் உட்கார்ந்து லக்கேஜோடு மலை ஏறும் குடும்பத்துக்கும் அப்படித்தான். உங்கள் 700 அந்த எல்லையில் பாதிகூட இல்லை.

பெட்ரோலில் குறையே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் பெட்ரோல் அளவுக்குச் சக்தி கிடையாது, அதனால் மைலேஜில் கொஞ்சம் அடி வாங்கும், மேலே நான் 13 என்று போட்டது அதையும் சேர்த்துத்தான். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகள் இதற்கேற்ற சாமான்களோடு வந்தன, 2017 வண்டி பத்து சதவீதக் கலப்புக்காகச் செய்தது. அதனால் வாங்கியதும் எரிபொருள் ஹோஸ், ரப்பர் வாஷர்களை ஒரு தடவை பார்த்துவிடச் சொல்லுங்கள், விரிசல் தெரிந்தால் மாற்றிவிடுங்கள், பெரிய செலவு இல்லை. வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தி வைக்காதீர்கள், எத்தனால் ஈரத்தை இழுக்கும். அப்புறம் இழுவை. ஐந்து பேரும் சாமானும் ஏசியுமாகக் கொடைக்கானல் ஏறினால் பெட்ரோல் வண்டி மூச்சு வாங்கும், இரண்டாவது கியரிலேயே நிறைய நேரம் போக வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

உங்களுக்குச் சாதகமான ஒன்றும் இருக்கிறது, அதை உங்கள் அண்ணனும் வீட்டுக்காரரும் யோசித்திருக்க மாட்டார்கள். லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம்தான் ஆகிறது என்கிறீர்கள். அந்த 1.3 டீசல் 2,000 ஆர்பிஎம் வரை தூங்கும், அதன் பிறகு சட்டென்று இழுக்கும். ஸ்பீட் பிரேக்கர், பள்ளிக்கூட வாசல் நெரிசல், ஆட்டோ, சைக்கிள் இவற்றுக்கு நடுவே அரை கிளட்சில் ஓட்டும்போது புதிதாக ஓட்டுகிறவருக்கு வண்டி ஆஃப் ஆகும், இல்லை என்றால் நினைத்ததை விட வேகமாகப் பாயும். பழகினவருக்கு இது ஒரு விஷயமே இல்லை. பெட்ரோல் டிசையரின் கிளட்ச் இலகு, முன்பக்க எடை குறைவு, கால் எடுத்ததும் மெதுவாக நகரும். ஓட்டப்போவது நீங்கள், பின்சீட்டில் உங்கள் பிள்ளைகள். மஸ்கட்டிலிருந்தும் மதுரையிலிருந்தும் முடிவு பண்ணுகிற விஷயம் இல்லை இது, இதை அவர்களிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

பத்து வருடத்தில் டீசல் வண்டியை ஓட்டக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டதாக ஒரு பயம் பலருக்கு இருக்கிறது, நீங்களும் கேள்விப்பட்டிருக்கலாம். டீசலுக்குப் பத்து, பெட்ரோலுக்குப் பதினைந்து என்ற அந்தக் கட்டுப்பாடு டெல்லி சுற்றுவட்டாரத்துக்கு வந்தது. தமிழ்நாட்டில் இரண்டுக்குமே பதிவு 15 வருடம், அதன் பிறகு எஃப்சி காட்டி, பசுமை வரி கட்டி ஐந்தைந்து வருடமாக நீட்டித்துக்கொள்ளலாம். அதனால் அந்தக் காரணத்துக்காக அண்ணன் வண்டியை ஒதுக்க வேண்டாம்.

இனி அந்த வங்கி அதிகாரியின் வண்டி. எட்டு வருடத்துக்கு மேல் ஆன வண்டி 46,000 தான் ஓடியிருக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் குறைவாக ஓடிய வண்டிக்கும் தனி வியாதி உண்டு. கிலோமீட்டர் ஆகவில்லையே என்று ஆயிலே மாற்றாமல் ஒன்றரை வருடம் ஓட்டியிருப்பார்கள். சர்வீஸ் பில்லில் வருடத்துக்கு ஒன்றாவது இருக்கிறதா பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் இருக்கும், 2319 என்றால் 2019-ம் வருடம் 23-வது வாரம் செய்த டயர். கோடு தேயாமல் புதிது போல இருந்தாலும் ஆறு வருடம் தாண்டிய டயர் மதுரை ரோட்டு வெயிலில் வெடிக்கலாம். நாலும் மாற்ற வேண்டும் என்றால் இருபதாயிரத்தை ஒட்டி ஆகும், அதை விலையில் குறைக்கச் சொல்லுங்கள், வெட்கப்பட வேண்டாம். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அடிப்பக்கம் பாருங்கள், மோர் மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தால் உள்ளே தண்ணீர் கலக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது, வாங்காதீர்கள். நாலாவது கியரில் மேடு ஏறும்போது இன்ஜின் சத்தம் கூடி வேகம் கூடவில்லை என்றால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது, இது பேரம் பேசும் விஷயம்தான், விட்டுவிட்டு வர வேண்டிய விஷயம் இல்லை. வெளியில் எல்பிஜி கிட் போட்டுக் கழற்றிய அடையாளம் டிக்கியில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அவர் மாற்றலில் ஊர் ஊராகப் போனவர் என்பதால் இன்னும் இரண்டு கேள்வி. சென்னையில் வேலை பார்த்தாரா? 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஏராளமான கார்கள் மூழ்கின, அந்த மாதமே தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கமும் அப்படித்தான். தரை கார்பெட்டைத் தூக்கிப் பார்த்து சேறு படிந்த தடம், சீட் ரெயிலில் துரு, ஏசி போட்டதும் முடைநாற்றம் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம். அப்புறம் வண்டி எந்த மாநிலப் பதிவு? கேரளா, கர்நாடகா, புதுச்சேரி நம்பராக இருந்தால் அங்கிருந்து என்ஓசி வாங்க வேண்டும், தமிழ்நாட்டு வரி தனியாகக் கட்ட வேண்டும், அதைச் சேர்த்தால் 4.75 லட்சம் 4.75 ஆக இருக்காது.

தெருக்காரர், வங்கி அதிகாரி, நல்ல மனிதர் என்பதால் பேப்பரில் நெகிழாதீர்கள். வங்கி ஊழியர்கள் பெரும்பாலும் தங்கள் வங்கியிலேயே கடன் வாங்கித்தான் கார் எடுப்பார்கள். ஆர்சியில் வங்கியின் பெயரில் ஹைப்போதிகேஷன் (கடனுக்கான அடமானப் பதிவு) இருக்கிறதா என்று எம்-பரிவாகன் செயலியில் வண்டி நம்பர் போட்டால் தெரிந்துவிடும். கடன் முடிந்திருந்தாலும் பதிவில் பெயர் நீக்காமலே விட்டுவிடுகிறவர்கள் நிறைய. வங்கியின் கடிதமும் படிவம் 35-ம் கையில் வந்த பிறகு முழுப் பணம் கொடுங்கள். படிவம் 29, 30 இரண்டிலும் அவர் ஊரை விட்டுப் போவதற்கு முன் கையெழுத்து வாங்கி, அவர் இருக்கும்போதே ஓனர்ஷிப் மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள், இன்சூரன்ஸும் உங்கள் பெயருக்கு மாற வேண்டும். அவர் வடக்கே எங்காவது போன பிறகு ஒரு கையெழுத்துக்காக நீங்கள் அலைய வேண்டாம். இன்சூரன்ஸில் டீசலுக்கும் பெட்ரோலுக்கும் வித்தியாசம் வருமா என்று நீங்கள் யோசிக்கலாம், மூன்றாம் நபர் காப்பீட்டில் இரண்டு டிசையருக்கும் ஒரே கட்டணம், இரண்டுமே 1,000 முதல் 1,500 சிசி வரிசையில் வருகின்றன.

இந்த வண்டி தேறவில்லை என்றால் அவசரப்பட்டு டீசலுக்குத் தாவாதீர்கள், 2016-லிருந்து 2019 வரை தனியார் ஓட்டிய பெட்ரோல் வண்டிகள் சிவகங்கை, புதுக்கோட்டை, மதுரைப் பக்கம் நிறையவே வரும், இரண்டு மாதம் பொறுத்தால் இன்னொன்று கிடைக்கும். தேறினால், உங்கள் வீட்டுக்காரர் எஸ்யூவிக்கு என்று ஒதுக்கிய மீதிப் பணத்தில் நாற்பதாயிரத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். டயர், பேட்டரி, முதல் சர்வீஸ், பிரேக் பேடு எல்லாம் அதிலேயே முடிந்துவிடும்.

அண்ணனிடம் இந்தக் கணக்கை அப்படியே காட்டுங்கள், அவர் உங்கள் நல்லதுக்காகத்தான் அலைந்திருக்கிறார். வண்டி பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு, உங்கள் ஊரிலேயே நம்பகமான ஒரு மெக்கானிக்கையும் அழைத்துப் போங்கள், ஆயிரம் ரூபாய் கொடுத்தால் ஒரு மணி நேரம் பார்த்துச் சொல்வார். காலை ஆறரை மணிக்கு, இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது போங்கள். பானெட்டில் கை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே யாரோ ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள், மறுநாள் வருகிறோம் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வாருங்கள். ஆறியிருந்தால் சாவியை நீங்கள் வாங்கி, நீங்களே ஸ்டார்ட் செய்து, மாமியாரைப் பின்சீட்டில் உட்கார வைத்துப் பள்ளிக்கூடம் வரை ஒரு தடவை ஓட்டிவிட்டு வாருங்கள். ஏறி இறங்க அவருக்கு முட்டி வலிக்கிறதா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.